வேண்டுமென்றே செய்த தப்பு

ஆறு வயதுச் சட்டையை எட்டு வயதுக் கவருக்குள் நுழைத்துவிட்டு, அனுசுயா ஓரக்கண்ணால் தரணீதரனைப் பார்த்தாள்.

தரணீதரனும் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு, நடுத்தெருவில் யாருக்கோ வேட்டி அவிழ்ந்ததைக் கண்டவன் போல மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த சட்டையை மடிக்கத் தொடங்கினான்.

அன்றைக்குப் புதன்கிழமை. மூன்றாம் நாள். தரணீதரனுக்கு மூன்றாம் நாள் என்றாலே ஆகாது.

அவன் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கிறவன். வயது இருபத்தொன்று. பதினெட்டு தாண்டியவர்களைப் பள்ளியிலிருந்து இரண்டு வாரம் ஏதாவது ஒரு கம்பெனிக்கு வேலை பழக அனுப்புவார்கள். துணைக்கு ஒரு பயிற்சியாளர் கூடவே போவார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்று இடத்திலும் திருப்பி அனுப்பிவிட்டால் பிள்ளை வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியதுதான். அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

தரணீதரன் முதலில் போனது ஒரு பாத்திரப் பட்டறை. சுத்தியல் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே இருந்தான். காதைப் பொத்தியிருக்கிற கையால் வேறு என்ன வேலை செய்ய முடியும்? மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது ஒரு பனியன் கம்பெனி. அங்கே சத்தம் இல்லை. அவனிடம் பேச ஆளும் இல்லை. “இவன் தானாச் சாப்பிடுவானா?” “இவன் யாரையும் அடிச்சுக்கிடிச்சு வைப்பானா?” “இவனை எங்க உக்கார வைக்கறது?” என்று எல்லாவற்றையும் கூடப் போன பயிற்சியாளரிடமே கேட்டார்கள். தரணீதரன் இரண்டு நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், “சும்மாதானே உக்காந்திருக்கான், அதுக்கு ஊட்டுலயே உக்காந்துக்கட்டுமே” என்று சொல்லிவிட்டார்கள்.

இது மூன்றாவது கம்பெனி. பெருமாநல்லூர் ரோட்டில், குழந்தைகளுக்கான டி-சர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். அனுசுயாவும் வேலைக்குப் புதிது. பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவள் வெளியே கூட்டிக்கொண்டு வந்த முதல் மாணவன் தரணீதரன். அவளுடைய கைப்பையில் ரோஸ் நிறப் படிவம் ஒன்று இருந்தது. கடைசியில் முதலாளி அதில் ‘வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு கட்டத்தில் போட்டால் தரணீதரன் வீட்டோடுதான்.

அனுசுயாவுக்கு ஒரு தம்பி இருந்தான். சரவணக்குமார். அவனும் தரணீதரனைப் போலத்தான். தினமும் காலையில் கம்பெனி வேன் வருகிற நேரத்துக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, வாசலில் வந்து நிற்பான். வேன் அவனை ஏற்றாமல் போகும். அதற்குக் கை காட்டிவிட்டு உள்ளே வருவான். பத்தொன்பது வயதில் ஒரு வலிப்பில் போய்விட்டான். அவள் இந்த வேலைக்கு வந்த காரணம் அதுதான். இன்டர்வியூவில் கேட்டபோது மட்டும் சமூக சேவையில் ஆர்வம் என்று சொல்லிவைத்தாள்.

ஆகவே பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்ததை அவள் ஓர் எழுத்து விடாமல் கடைப்பிடித்தாள்.

பிள்ளைக்கு என்ன குறை என்று வேலை செய்கிற இடத்தில் தண்டோரா போடாதே, முதலாளிக்குக் கடிதத்தில் எழுதினால் போதும், மற்றவர்கள் ஆளைப் பார்த்துப் பழகட்டும் என்றது புத்தகம். திங்கட்கிழமை காலை பேக்கிங் சூப்பர்வைசர் ராஜபாண்டி வந்து நின்றபோது அனுசுயா அதைத்தான் செய்தாள். ராஜபாண்டி மதுரைப் பக்கத்து ஆள். மீசை முதலில் வரும், அவர் பின்னால் வருவார்.

“வாங்க, வாங்க. மொதலாளி சொன்னாரு, பள்ளிக்கூடத்துல இருந்து வர்றாங்கன்னு.”

“ஆமா சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சார்,” என்றாள் அனுசுயா. “வேலை சம்பந்தமா எது சொல்றதா இருந்தாலும் இவர் கிட்டயே நேரா சொல்லிடுங்க. என் கிட்ட சொல்ல வேண்டாம்.”

இந்த வாக்கியமும் புத்தகத்தில் உள்ளதுதான். கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

ராஜபாண்டி தரணீதரன் பக்கம் திரும்பினார். அவனுடைய அம்மா மாரக்காள் விடியலில் எழுந்து இஸ்திரி போட்டுக் கொடுத்த முழுக்கைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. “வணக்கம் சார். ஆரம்பிச்சுருவமா?”

தரணீதரனுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் வேண்டும். மேலே ஓடுகிற ஃபேனைப் பார்ப்பான். பத்து எண்ணுகிற நேரம் ஆகும். ராஜபாண்டி காத்திருந்தார்.

“ஆரம்பிச்சிரலாமுங்க,” என்றான்.

“நல்ல நிதானம்யா!” என்று தலையாட்டியபடி ராஜபாண்டி நகர்ந்தார்.

அனுசுயாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ‘சார்’ என்றாரே! பதிலுக்குக் காத்திருந்தாரே! அயர்னிங் பையன்கள் எல்லாம் வடக்கத்தியர்கள். அவர்கள்கூட மத்தியானத்துக்குள் அவனை ‘மாஸ்டர்ஜி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பனியன் கம்பெனியில் மாஸ்டர் என்றால் சாதாரணப் பட்டமா?

வேலை கஷ்டமில்லை. சட்டையை அட்டை வைத்து மடிக்க வேண்டும். கழுத்து லேபிளில் சைஸைப் பார்க்க வேண்டும். அதே சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கவரில் போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். பயிற்சியாளர் இவை எல்லாவற்றையும் தானே செய்து, வாயாலும் சொல்லிக்காட்ட வேண்டும். “சட்டையை எடுக்கிறேன். மடிக்கிறேன். கழுத்துல நம்பர் என்ன? ஆறு! வெரி குட்!” என்று காலையிலிருந்து மாலை வரை அனுசுயா சத்தமாகச் சொல்லிக்கொண்டே மடித்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட அட்டை வைத்திருந்தாள். அவற்றை டேபிளில் ஒட்ட ராஜபாண்டி விடவில்லை. பசை பட்டால் பீஸ் போச்சு என்றார். ஆகவே அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே மாலையாக மாட்டிக்கொண்டாள்.

எதிர் டேபிளில் ஒச்சம்மாள் இருந்தாள். உசிலம்பட்டிக்காரி. அனுசுயாவின் பெற்றோரும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாசம் பொங்கிவிட்டது. மத்தியானம் தன் தூக்கிலிருந்து மீன் எடுத்து வைத்தாள். “முள்ளு இருக்கும் தாயி. பாத்து, மெதுவாத் தின்னு.” ஆள் ஒல்லியாக, குட்டையாக இருப்பதால் அனுசுயாவை எல்லோரும் சின்னப் பெண்ணாக நினைப்பது வழக்கம்தான். தெற்கத்திப் பாசமே தனி என்று நினைத்துக்கொண்டு முள் பார்த்துத் தின்றாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, அந்தப் பரீட்சையைத் தவிர.

புத்தகத்தின் ஏழாம் பாடம் அது. மாணவருக்கு வேலை புரிந்துவிட்டதா என்று அறிய, வேண்டுமென்றே ஒரு தப்புச் செய். அவர் உன்னைத் திருத்தினால் புரிந்துவிட்டது. திருத்தாவிட்டால் தப்பை இன்னும் பெரிதாக்கு.

புதன்கிழமை காலை முதல் தப்பைத்தான் தரணீதரன் பார்த்தும் பாராமல் விட்டான்.

அனுசுயா தப்பைப் பெரிதாக்கினாள். இரண்டு வயதுச் சட்டையைப் பத்து வயதுக் கவரில் போட்டாள். சட்டை உள்ளே ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. தரணீதரன் இருமினான்.

மூன்றாவது தப்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “ஆஹா, கச்சிதம்!” என்றாள். அவன் ஃபேனைப் பார்த்தான். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். ஒன்றும் வரவில்லை. எதிர் டேபிளில் ஒச்சம்மாள் மட்டும், “ம்ச்” என்று உச்சுக் கொட்டினாள்.

டீ பெல் அடிக்கும்போது ஏழு தப்பு பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கக் குனிந்தாள். அதற்குள் ஒச்சம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வா தாயி, வந்து சூடா ரெண்டு வடை தின்னு.”

“இருங்கக்கா, இந்தப் பெட்டியில...”

“அதெல்லாம் சாரு பாத்துக்குவாரு. நீ வா.”

ஒச்சம்மாளின் பிடி லேசான பிடி அல்ல. தரணீதரன் கூட்டத்துக்குப் போக மாட்டான். தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டேபிளிலேயே குடிப்பான். அனுசுயா வடையை முழுங்கிவிட்டு ஓடி வந்தபோது டேபிளில் பெட்டி இல்லை.

“பெட்டி எங்க தரணி?”

ஃபேன். பத்து. “போயிருச்சுங்க.”

டேப் ஒட்டிக் குடோனுக்கே போய்விட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் யார் அடுக்கியது என்று ஒரு சீட்டுப் போடுவார்கள். இந்த டேபிளின் பெட்டிகளில் எல்லாம், முத்து முத்தான கையெழுத்தில், தரணீதரன் என்ற பெயர்தான் இருக்கும்.

அதே நேரம் பார்த்து ராஜபாண்டி நடுவில் நின்று அறிவித்தார். “எல்லாரும் கேட்டுக்கங்க! நாளைக்குக் காலைல சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்ஷன். ஒரு பீஸ் சைஸ் மாறி இருந்தாலும் மொத்த லாட்டும் திரும்பிரும். அந்தப் பெட்டியில யாரு பேரு இருக்கோ, அவுங்க நாளன்னைக்கு வேலைக்கு வர வேண்டியதில்ல!”

மதிய பெல் அடித்ததும் அனுசுயா நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் நுழைந்தாள். அறுபது பெட்டி, அறுபதும் ஒரே மாதிரி. முதல் பெட்டியைக் கிழித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதை இழுத்தபோது அது மேலேயிருந்து கவிழ்ந்து, மூன்று பெட்டிச் சட்டைகளும் தரையில் ஒரே குவியலாயின.

“ஏ பிள்ள! இங்க என்ன செய்யுத?”

வாட்ச்மேன் சுடலை கதவில் நின்றார்.

“அண்ணாச்சி, சத்தம் போடாதீங்க! இதுல எதுலயோ தப்பான சட்டை இருக்கு.”

“யாரு போட்டா?”

“நான்தான் போட்டேன். தெரியாமப் போடல அண்ணாச்சி, வேணும்னுதான் போட்டேன். அவர் கண்டுபிடிக்கணும்னு போட்டேன். அவர் கண்டுபிடிக்கல. அதான் இப்ப நானே தேடறேன்.”

சுடலை அவளைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டைகளைப் பார்த்தார். கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். முகம் இளகியது.

“சரி பிள்ள. வேணும்னுதான் போட்ட. சரி. அந்தக் கத்தரிய அண்ணாச்சி கையில குடு பாப்போம். ஆங். பிஸ்கட் தின்னுதியா?”

அனுசுயா மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. வாங்கித் தின்றாள். இவ்வளவு நாசம் செய்தும் ஒரு சுடுசொல் சொல்லவில்லையே, என்ன மனுஷர் என்று நினைத்தாள்.

சுடலை ராஜபாண்டியை அழைத்து வந்தார். பின்னாலேயே தரணீதரனும் வந்தான். இனி மறைத்துப் பயனில்லை என்று அனுசுயா உண்மையைக் கொட்டினாள்.

“சார், தப்பு முழுக்க என்னோடது. பெட்டியில அவர் பேர் இருக்கும், ஆனா போட்டது நான். தயவுசெஞ்சு அவரை அனுப்பிடாதீங்க சார்!”

ராஜபாண்டி குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கத்தவில்லை.

“அவரை எதுக்கும்மா அனுப்பறோம்? அவரு இல்லாம நாங்க என்ன செய்யறது?” என்றார். சுடலையிடமிருந்து கத்தரியை வாங்கித் தரணீதரனிடம் நீட்டினார். “சார், இது இனிமே உங்க கிட்டயே இருக்கட்டும்.”

அனுசுயாவின் கண் கலங்கிவிட்டது. பள்ளியில் காகிதம் வெட்டக்கூட அவனிடம் கத்தரி தந்ததில்லை. மூன்று நாள் பழகிய மனிதர் தருகிறார்!

அந்த உணர்ச்சிவேகத்தில், “நானே எல்லாத்தையும் திருப்பி அடுக்கிடறேன் சார்!” என்று குவியலின்மேல் பாய்ந்தாள். நான்கையும் ஆறையும் ஒன்றாக அடுக்கினாள். எட்டை எண்ணும்போது ஆறில் தொடங்கி எண்ணினாள். ஒரு பெட்டிக்குள் தன் பட அட்டை மாலையையே போட்டு மூடிவிட்டு, பிறகு அதைத் தேடினாள்.

தரணீதரன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, யாரும் கேட்காமலேயே, மூன்று நாளில் முதல் தடவையாகத் தானாகப் பேசினான்.

“நீங்க போய் உக்காருங்க.”

ஒச்சம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். மடியில் ஒரு கூடை வேஸ்ட் துணியைக் கொட்டினாள். “இத மடி தாயி. அடி ஆத்தி, எம்புட்டு அழகா மடிக்கிறே!”

பயிற்சியாளர் மெல்ல மெல்ல விலகி, தனியாக ஏதாவது வேலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்திலும் இருக்கிறது. அனுசுயா சாயங்காலம் வரை வேஸ்ட் துணி மடித்தாள். தூரத்தில் தரணீதரன் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, அட்டையில் வைத்து, மடித்து, கவரில் போட்டுக்கொண்டிருந்தான். அயர்னிங் பையன்கள் பெட்டி தூக்கிக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். கழுத்தில் அளக்கிற டேப், சிரிப்பே இல்லாத முகம். முதலாளி செங்கோட்டையனே மாடியிலிருந்து இறங்கி வந்து ஓரமாகக் கை கட்டி நின்றார். அறுபது பெட்டியில் எட்டைக் கைகாட்டினார் இன்ஸ்பெக்டர்.

அனுசுயா ஒவ்வொரு பெட்டி பிரியும்போதும் உயிரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. ஏழு வரைக்கும் சரி. எட்டாவதைச் சுடலை தூக்கி வந்து வைத்தார்.

தரணீதரன் வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினான்.

“அது வேண்டாமுங்க.”

ராஜபாண்டியின் மீசை இரண்டு பக்கமும் இறங்கியது. அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று. ஏழு தப்பும் அதற்குள்தான் இருக்கிறது. பையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“ஏன் வேண்டாம்?” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்ப அதைத்தான் பாக்கணும். திறங்க!”

திறந்தார்கள். கவரில் ஆறு. கழுத்தில் ஆறு. அறுபது பீஸும் ஆறுதான்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

தரணீதரன் ஃபேனைத் தேடினான். குடோனில் ஃபேன் இல்லை. டியூப் லைட்டைப் பார்த்தான். ராஜபாண்டி இன்ஸ்பெக்டரிடம், “கொஞ்சம் பொறுங்க சார், அவரு யோசிச்சுத்தான் சொல்லுவாரு” என்றார்.

“சட்டை எட்டுங்க. லேபிள்தான் ஆறுங்க.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மடிக்கற அட்டையில நிக்கலீங்க. வெளிய வந்துருச்சுங்க. அதனாலதான் தனியா வெச்சனுங்க. பெட்டி மேல பெருக்கல் போட்டனுங்க.”

பெட்டியின் மேல் பெரிய பெருக்கல் குறி இருந்தது. “ஏதோ எக்ஸ்போர்ட் மார்க்குன்னு நெனச்சு நாந்தான் எடுத்து அடுக்குனேன்,” என்று சுடலை தலையைச் சொறிந்தார்.

இன்ஸ்பெக்டர் டேப்பை வைத்து அளந்தார். எட்டு. இன்னொன்றை அளந்தார். எட்டு. தையல் லைனில் யாரோ ஒரு கட்டு முழுவதற்கும் லேபிளை மாற்றி வைத்துத் தைத்திருக்கிறார்கள். செக்கிங்கில் நான்கு பேர் கையைத் தாண்டி வந்திருக்கிறது.

“நான் பிடிச்சிருந்தா மொத்த லாட்டும் அவுட்,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க ஆளே பிடிச்சு ஒதுக்கிட்டாரு. இந்த ஒரு பெட்டிய எடுத்துடுங்க. மத்தது பாஸ்.” அப்போது அந்த முகத்தில்கூடச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

அயர்னிங் பையன்கள் “மாஸ்டர்ஜி! மாஸ்டர்ஜி!” என்று கத்தினார்கள். தரணீதரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ராஜபாண்டி உடனே உதட்டில் விரல் வைத்தார். எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிட்டு, கையை மட்டும் மேலே தூக்கி ஆட்டினார்கள்.

அனுசுயா அவனைப் படிக்கட்டு ஓரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“தரணி, நான் போட்ட ஏழு என்ன ஆச்சு?”

“நீங்க டீ குடிக்கப் போனப்ப மாத்திட்டனுங்க. ஏழு இல்லீங்க. ஒம்பதுங்க.”

“ஏழுதானே போட்டேன்!”

“ஏழு வேணும்னு போட்டதுங்க. ரெண்டு வேணும்னு போடாததுங்க.”

அனுசுயாவுக்கு முகம் சிவந்தது. “அது எப்படித் தெரியும் உனக்கு?”

“வேணும்னு போடறப்ப என் மூஞ்சியப் பாப்பீங்க.”

“தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன?”

அவன் நெடுநேரம் யோசித்தான். “நாலு பேரு இருந்தாங்கங்க. உங்களுக்குச் சங்கடமாயிருமுங்க.”

இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டிருந்த செங்கோட்டையன் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. டீச்சரம்மா, நீங்களும் உக்காருங்க. மறைக்கறதுக்கென்னங்க, உங்க பள்ளிக்கூடத்து லெட்டரைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பயந்தானுங்க. வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருந்தனுங்க. ஆனா நீங்க கேட்டுக்கிட்டபடி அதுல இருந்த எதையும் கீழ யாருகிட்டயும் மூச்சு உடுலீங்க. தம்பி, ஒண்ணாந்தேதியில இருந்து நம்ம கம்பெனிக்கே வந்துருங்க. எல்லாத்துக்கும் என்ன சம்பளமோ அதே சம்பளம். சம்மதமுங்களா?”

“இன்னும் ஒரு வாரத்துக்கு மேல பயிற்சி பாக்கி இருக்குங்களே,” என்றாள் அனுசுயா.

“யாருக்குங்க பயிற்சி? எங்களுக்குங்களா?”

தரணீதரன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. ஐயோ, வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறானே என்று அனுசுயாவுக்கு உயிர் போய் வந்தது.

“டீ பெல் அடிச்சா கூட்டத்துக்குப் போகச் சொல்லக் கூடாதுங்க,” என்றான்.

“சொல்ல மாட்டோமுங்க.”

“அப்பச் சரிங்க.”

ரோஸ் படிவத்தில், சரியான கட்டத்தில், செங்கோட்டையன் கையெழுத்துப் போட்டார். அனுசுயா மாரக்காளுக்கு போன் போட்டு மகனிடம் கொடுத்தாள். “அம்மா, தெனமும் சட்டை இஸ்திரி போடோணும்,” என்றான் அவன். பிறகு மறுமுனையில் என்ன கேட்டதோ, “அழுவாதீங்க, போடாட்டியும் பரவால்ல” என்று போனை வைத்தான்.

அவர்கள் இறங்குவதற்குள் செய்தி இறங்கிவிட்டது. பேக்கிங் முழுவதும் சத்தமில்லாமல் கையைத் தூக்கி ஆட்டியது. ராஜபாண்டி தரணீதரனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அனுசுயா ஓரமாக நின்று பார்த்தாள். கம்பெனி வேன் ஒன்று வாசலில் நின்று கதவைத் திறந்துவிட்டாற்போல இருந்தது அவளுக்கு. அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள்ளேயே எழுதிவிட்டாள்: ‘இந்தக் கம்பெனியில் என் மாணவனை ஒருவரும், ஒரு நிமிஷம்கூட, வித்தியாசமாகப் பார்க்கவில்லை.’

அப்போது ஒச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அனுசுயாவின் கன்னத்தை வாஞ்சையாகத் தடவி நெட்டி முறித்தாள். பிறகு தரணீதரனைப் பார்த்துக் கவலையோடு கேட்டாள்:

“ஏஞ் சாரு, நீங்க பாட்டுக்கு இங்கன வேலைக்குச் சேந்துட்டா, பாவம், இந்தப் புள்ளைய இனிமே எந்த டீச்சர் கூட்டிட்டுப் போயி வேலை பழக்குவாரு?”